சட்டை மாட்டும் ஆணி

என் கணவர் எங்கள் சொந்த வீட்டில் சட்டையைக் கழற்ற மாட்டார். சித்திரை வெயிலில், முதுகு முழுக்க நனைந்து சட்டை ஒட்டிக்கொண்டிருந்தாலும், கழுத்துப் பட்டன் வரை போட்டுக்கொண்டு ஹால் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருப்பார். காபி கொடுத்தால் வாங்கிக் குடிப்பார். இன்னும் கொஞ்சம் என்று கேட்க மாட்டார். ஃபிரிட்ஜைத் திறக்க மாட்டார். சாயங்காலம் ஆனதும் என் பக்கம் சாய்ந்து, வீட்டுக்காரர்கள் காதில் விழுந்துவிடக் கூடாது என்பது போல மெதுவாகக் கேட்பார்.

"கெளம்பலாமா? ரொம்ப நேரமா உக்காந்துகினு இருக்கோம்."

வீட்டுக்காரர்கள் என்று இங்கே வேறு யாரும் இல்லை. டவுன்ஷிப்புக்கு வெளியே, வடக்குத்து கிராமத்தில் வாங்கிய மனையில், நாங்கள் சேர்த்ததையெல்லாம் போட்டுக் கட்டிய வீடு இது. இருப்பது நானும் அவரும்தான்.

சுரங்கக் கம்பெனி கொடுத்த டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் இருந்த காலத்தில் இப்படி இல்லை. ஷிஃப்ட் முடிந்து உள்ளே கால் வைத்ததும் கை தானாகப் பட்டனுக்குப் போகும். படுக்கையறை வாசலுக்கு இடது பக்கச் சுவரில் அவரே அடித்த ஆணியில் சட்டை ஏறிவிடும். அப்புறம் பனியனும் லுங்கியும்தான். அரை டம்ளர் காபி குடித்துவிட்டு, "இன்னொரு வாய் இருக்கா" என்பார். நம் ஊரில் ஓர் ஆண் எந்த வீட்டைத் தன் வீடு என்று நினைக்கிறார் என்பதைக் கண்டுபிடிக்கப் பத்திரத்தைப் பார்க்க வேண்டாம், சட்டையைப் பார்த்தால் போதும். எனக்கு இந்த வயதில் பெரிய ஆசைகள் ஒன்றும் இல்லை. இந்த மனிதர் ஒரே ஒரு நாளாவது இந்த வீட்டில் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுச் சாய்ந்து உட்கார வேண்டும். அவ்வளவுதான்.

அவருக்கு வந்தது மூளைக் காய்ச்சல். ரிட்டயர்மென்ட்டுக்குச் சில மாதங்களே பாக்கி இருந்தபோது வந்தது. முதலில் சாதாரணக் காய்ச்சல் என்று மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். அடுத்த நாள் என்னை என் அம்மா பெயர் சொல்லிக் கூப்பிட்டார். புதுச்சேரியில் ஐ.சி.யூ. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் நான் கிடந்த கதை எதற்கு? பிழைத்து வந்தார். பேச்சு வந்தது, நடை வந்தது. நான் யார், மகள் யார், எந்த வருஷம் கல்யாணம் நடந்தது, எல்லாம் சரியாகச் சொன்னார். நான் கோயிலில் தேங்காய் உடைக்க வேண்டிக்கொண்டே டாக்டர் அறைக்குப் போனேன்.

டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். காதுக்கு நேர் உள்ளே, இரண்டு பக்கமும், கட்டை விரல் அளவு இடம் கெட்டுப்போயிருந்தது. அதன் பெயரை அவர் சொல்வதற்கு முன்பே நான் சொல்லிவிட்டேன். ஹிப்போகேம்பஸ். நான் டவுன்ஷிப் பள்ளி ஒன்றில் உயிரியல் டீச்சர். மனித மூளையின் படம் வரைந்து பாகங்களைக் குறிக்கச் சொல்லி எத்தனை பிள்ளைகளை வாட்டியிருக்கிறேன். பெருமூளை, சிறுமூளை, முகுளம். கோடு அலையாமல், ஸ்கேல் வைத்துக் குறி. குறிக்காவிட்டால் மார்க் இல்லை. அந்தப் படத்தில் ஹிப்போகேம்பஸ் இருக்காது. அது உள்ளே மறைந்திருக்கும் பாகம். அதனால் அதை ஒரே ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுவேன்: புதிய நினைவுகள் உருவாக உதவுகிறது. அந்த ஒரு வரிக்குள்தான் நான் இப்போது குடியிருக்கிறேன்.

பழைய நினைவுகள் பெருமூளையின் மேல் மடிப்புகளில் ஏற்கெனவே போய்த் தங்கிவிட்டவை, அவை இருக்கும் என்றார் டாக்டர். இனி நடப்பவை தங்காது. அப்படியானால் புது வீடு என்று நான் இழுத்தேன். குவார்ட்டர்ஸை ரிட்டயர்மென்ட்டுக்குப் பிறகு காலி செய்துதான் ஆக வேண்டும், அது எல்லோருக்கும் உள்ள விதி. வீடு பாதி கட்டியாகிவிட்டிருந்தது. டாக்டர் பேனாவை மூடிக்கொண்டு, பொறுமையாக இருங்கள் என்றார்.

கிரகப்பிரவேசத்துக்கு அவருக்குப் பட்டு வேட்டி கட்டிவிட்டேன். ஹோமத்துக்கு உட்கார்ந்தார், ஐயர் சொன்னதையெல்லாம் செய்தார். சாப்பாட்டுப் பந்தியில் வந்து என் முந்தானையை இழுத்து, "மொய் எழுதிட்டியா?" என்றார். எழுதிவிட்டேன் என்று சொன்னேன். பந்தியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்துவிட்டு, மாடிப்படிக்கு அடியில் போய் நின்று அழுதேன்.

நான் டீச்சர் இல்லையா, விளக்கிச் சொன்னால் புரியாதது உலகத்தில் எதுவும் இல்லை என்ற நினைப்பு எனக்கு. அவரைப் பார்த்துக்கொள்ள விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்தவள், வீட்டையே வகுப்பறை ஆக்கினேன். சார்ட் அட்டை வாங்கி ஸ்கெட்ச் பேனாவால் பெரிதாக எழுதி ஒட்டினேன். இது நம் வீடு. இது சமையலறை. நீங்கள் ரிட்டயர் ஆகிவிட்டீர்கள். வீடே பாகம் குறித்த படமாக நின்றது. அவர் மரியாதையாக ஒவ்வொன்றாகப் படிப்பார். "யாருக்கோ ஒடம்பு முடியல போல, பாவம்" என்பார்.

ஒரு தடவை அவர் பாஷையிலேயே சொல்லிப் பார்த்தேன். அவர் மைன்ஸில், கரியை ஏற்றிச் செல்லும் கன்வேயர் பெல்ட்டில் வேலை பார்த்தவர். வெட்டிய கரி ஒரே பெல்ட்டில் ஊருக்கு வந்து சேர்வதில்லை. ஒரு பெல்ட்டின் முனையிலிருந்து அடுத்த பெல்ட்டில் கொட்டும், அங்கிருந்து அடுத்தது. உங்கள் மூளையில் அந்தக் கொட்டுகிற இடம் கெட்டுவிட்டது என்றேன். கண்ணும் காதும் கொண்டுவருவது வந்துகொண்டுதான் இருக்கிறது, முன்பே போய்ச் சேர்ந்த கரியும் பத்திரமாக இருக்கிறது, நடுவில் கைமாறுவதில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அப்படியே புரிந்துகொண்டார். மனிதருக்கு மூளையில் குறையே தவிர, புத்தியில் குறை இல்லை.

"அப்ப பெல்ட்ட நிறுத்திட்டு அத மாத்த வேண்டியதுதான?" என்றார்.

மாற்ற முடியாதாம் என்றேன். "யாருக்கும் சொல்லிக்கினு இருக்காத. வேலைய விட்டு எடுத்துடுவாங்க" என்றார். மகள் படிப்பு முடியட்டும் என்றும் சொன்னார். மகள் படித்து முடித்து, கல்யாணமாகி, பெங்களூரில் பிள்ளையும் பெற்றாயிற்று. நான் டீ போட்டுக்கொண்டு வருவதற்குள் அவருக்கு பெல்ட்டும் இல்லை, கவலையும் இல்லை. எனக்கு இருந்தது.

தனிமை என்றால் பேச ஆள் இல்லாதது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பேச ஆள் இருக்கிறது. குவார்ட்டர்ஸ் முருங்கை மரம் பற்றி, சேத்தியாத்தோப்பில் அவர் வீட்டு வயல் பற்றி, எங்களுக்குள் நடந்த முதல் சண்டை பற்றி மணிக்கணக்காகப் பேசுவோம். காய்ச்சலுக்கு இந்தப் பக்கம் நடந்ததைப் பேச மட்டும் ஆள் கிடையாது. இந்தச் சுவருக்குப் பச்சைதான் வேண்டும் என்று பெயிண்டரோடு நான் போட்ட சண்டை, கொல்லையில் வந்த பாம்பு, பேத்தி முதன்முதலாக ஃபோனில் "தாத்தா" என்றது, எதையும் "அன்றைக்கு ஞாபகம் இருக்கிறதா" என்று ஆரம்பிக்க முடியாது. இப்போது நடப்பதெல்லாம் எனக்கு மட்டுமே நடக்கிறது. ஒரே கூரைக்குக் கீழே இரண்டு பேர் இருந்துகொண்டு, ஒருத்திக்கு மட்டும் வயதாகிறது.

அந்தப் பேத்தி ஃபோனில் பேசிய அன்று ஒன்றைக் கவனித்தேன். ஃபோனை வைத்த சிறிது நேரத்தில் பேசியதே மறந்துவிட்டது. ஆனால் சாயங்காலம் வரை முகம் மலர்ந்து இருந்தார், எதையோ முணுமுணுத்துப் பாடினார். என்ன இவ்வளவு சந்தோஷம் என்று கேட்டேன். தெரியவில்லையே என்றார். நடந்தது போய்விட்டது, நடந்ததன் சந்தோஷம் போகவில்லை. உணர்ச்சிகளைப் பிடித்து வைக்கும் இடம் பக்கத்திலேயே வாதுமைப் பருப்பு அளவில் தனியாக இருக்கிறது என்று பாடம் எடுத்திருக்கிறேன். ஆனாலும் அன்றைக்கு எனக்கு அது பாடமாக உறைக்கவில்லை. அவருக்குச் சந்தோஷத்துக்குக் காரணம் வேண்டியதில்லை என்று கொஞ்சம் பொறாமைதான் வந்தது.

மத்தியானம் ஆனால் அவருக்கு இருப்பு கொள்ளாது. கிளம்பிவிடுவார். மெயின் ரோட்டில் ஏறிவிட்டால் டவுன்ஷிப் அவருக்கு மனப்பாடம், எந்த பிளாக்கில் எந்த மரம் என்பது வரைக்கும் தெரியும். போகவிடாமல் கேட்டைப் பூட்டு என்று மகள் சொன்னாள். ஊர் முழுக்க நடந்த மனிதரைப் பூட்டி வைக்க எனக்கு மனம் வரவில்லை. சட்டைப் பையில் என் ஃபோன் நம்பர் எழுதிய சீட்டு ஒன்றை வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து ஸ்கூட்டியில் போய்ப் பார்க் பெஞ்சிலிருந்தோ பஸ் ஸ்டாண்டிலிருந்தோ அழைத்து வருவேன்.

ஒரு நாள் எங்கும் காணவில்லை. பார்க்கையும் பஸ் ஸ்டாண்டையும் மறுபடி ஒரு சுற்றுச் சுற்றினேன். அப்போது ஃபோன் வந்தது. எங்கள் பழைய குவார்ட்டர்ஸில் இப்போது குடியிருக்கும் பெண், சின்ன வயசு, தென்காசிப் பக்கத்துப் பேச்சு. பயந்துபோய்ப் பேசினாள்.

"ஆன்ட்டி, ஒரு பெரியவர் வந்து, ஃபேனைப் போட்டு உட்கார்ந்திருக்காங்க. சட்டையைக் கழட்டி எங்க ஆணில மாட்டிட்டாங்க. அந்தச் சட்டைப் பையில இந்த நம்பர் இருந்துச்சு."

போய் நின்றேன். அதே ஹால். வேறு சோபா, வேறு திரைச்சீலை. படுக்கையறை வாசலுக்கு இடது பக்கம் அதே ஆணி. அதில் அந்தப் பெண்ணின் குழந்தையுடைய ஸ்கூல் பையின் வாருக்கு மேல் என் கணவரின் கட்டம் போட்ட சட்டை. அவர் பனியனோடு காலை நீட்டிச் சாய்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "எங்க போய்ட்ட? காபி போடு" என்றார். எத்தனையோ மாதமாக நான் கேட்கக் காத்திருந்த அதிகாரம். அதை அடுத்தவள் வீட்டில் கேட்டேன். எனக்கு அவர் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. அந்த வீட்டின் மேலும் வந்தது, அந்த ஆணியின் மேலும் வந்தது. அந்தப் பெண் நல்லவள், காபி போட்டாள், ஸ்கூல் பையை எடுத்துக் கட்டிலில் வைத்துக்கொண்டாள். அவரை அங்கிருந்து கிளப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் சட்டையின் கழுத்துப் பட்டனைப் போட்டுக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

இதற்குச் சில வாரங்கள் கழித்துத்தான் அது நடந்தது. டவுன்ஷிப்பில் எங்களுக்குக் கரண்ட் போவது என்றால் என்ன என்றே தெரியாமல் இருந்தது. பக்கத்திலேயே அனல் மின் நிலையம். குவார்ட்டர்ஸில் நாங்கள் ஒரு மெழுகுவத்தி கூட வைத்திருந்ததில்லை. வேலியைத் தாண்டி வடக்குத்துக்கு வந்த பிறகுதான் காற்றடித்தால் கரண்ட் போகும் என்று கற்றுக்கொண்டேன். டார்ச் வாங்கி, சமையலறை அலமாரியின் மேல் தட்டில் ஊறுகாய் ஜாடிக்குப் பின்னால் வைத்தேன். ஸ்டூல் இல்லாமல் எனக்கு அது எட்டாது. கரண்ட் போகும்போதெல்லாம் அவர் கையைப் பிடித்துக் கூட்டிப் போய், மேல் தட்டில் இருக்கிறது எடுங்கள் என்பேன். எடுத்துக் கொடுப்பார். ஒவ்வொரு தடவையும் அவருக்கு அது முதல் தடவை.

அன்று விளக்கேற்றும் நேரம், மழை பிடித்துக்கொண்டது, கரண்ட் போனது. நான் கொல்லைப்புறத்தில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். தடவித் தடவி உள்ளே வந்தால், சமையலறையில் வெளிச்சம். அவர் டார்ச்சோடு நிற்கிறார். அந்த இருட்டில் ஜாடியைக் கூடத் தட்டிவிடாமல் எடுத்திருக்கிறார். டார்ச் எங்கே இருக்கிறது என்று எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.

"தெரியல," என்றார். "கை போச்சு." அப்புறம் அக்கம்பக்கம் பார்த்து, "அவங்கள கேக்காம எடுத்துட்டேன். ஒண்ணும் நெனைக்க மாட்டாங்களே?" என்றார்.

துணியைத் தரையில் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். குவார்ட்டர்ஸில் டார்ச் இல்லை, இந்த அலமாரி இல்லை. இது பழைய கரி இல்லை. காய்ச்சலுக்கு அப்புறம் இந்த வீட்டுக்குள் அவர் கற்றுக்கொண்டது. கற்றுக்கொண்டது அவருக்கே தெரியாது. நடந்ததைச் சேர்த்து வைக்கும் இடம் வேறு, செய்து பழகியதைச் சேர்த்து வைக்கும் இடம் வேறு என்று வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதியவள் நான்தான். சைக்கிள் ஓட்டுவதும் பூக்கட்டுவதும் சிறுமூளையிலும் மூளையின் அடியில் இருக்கிற முடிச்சுகளிலும் பதியும், அதற்கு ஹிப்போகேம்பஸ் தேவையில்லை. சேர்ந்து சேர்ந்து வேலை செய்யும் நரம்பு செல்களுக்கு நடுவில் இணைப்பு பலப்படும். பிள்ளைகள் எழுதினார்கள், நான் மார்க் போட்டேன். நான் இத்தனை நாள் தாளிட்ட கதவில் தட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். பக்கத்துக் கதவு திறந்தே கிடந்திருக்கிறது.

அடுத்த தடவை டாக்டரிடம் போனபோது சொன்னேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒரே இடம், ஒரே வரிசை, தினமும் செய்யுங்கள் என்றார். விளக்காதீர்கள். எங்கே இருக்கிறது யோசித்துப் பாருங்கள் என்று சோதிக்காதீர்கள், தப்பாகச் செய்தால் அந்தத் தப்பும் பதிந்துவிடும் என்றார். டீச்சரிடம் போய் விளக்காதே, டெஸ்ட் வைக்காதே என்றால் எப்படி? ஆனாலும் வீட்டுக்கு வந்து சார்ட் அட்டைகளையெல்லாம் கிழித்தேன்.

புது பெயிண்ட் அடித்த சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று இந்த வீட்டில் சட்டம் போட்டவளே நான்தான். துணிகளுக்கு இழைத்து இழைத்துச் செய்த கப்போர்டு இருந்தது. அன்று ஸ்டூலில் ஏறி, படுக்கையறை வாசலுக்கு இடது பக்கம், அவர் கை எட்டும் உயரத்தில், நானே ஆணி அடித்தேன். உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சு பெயர்ந்து விழுந்தது. என் பெரிய பச்சைச் சுவரில் அது இப்போதும் அசிங்கமாகத்தான் இருக்கிறது.

தினமும் வெளியே போய்விட்டு வந்ததும் ஃபேனைப் போடுவேன். சட்டை நனைந்திருக்கிறது, காயட்டும் என்பேன். யாராவது வந்துவிடப் போகிறார்கள் என்று கூச்சப்படுவார். நான் பதில் சொல்ல மாட்டேன். அவர் கையாலேயே பட்டனைக் கழற்ற வைத்து, அவர் கையைப் பிடித்தே ஆணியில் மாட்ட வைப்பேன். கொஞ்ச நேரத்தில் அவரே எழுந்து, பதறிப்போய்ச் சட்டையைத் தேடிப் போட்டுக்கொள்வார். போட்டுக்கொள்ளட்டும் என்று விடுவேன். மறுநாள் மறுபடியும். மழைக்காலம் போனது, பனி போனது. பேத்தி நடக்க ஆரம்பித்தாள். மகள் ஃபோனில், என்னம்மா முன்னேற்றம் என்று கேட்பாள். ஒன்றும் இல்லை என்பேன். வகுப்பில் உட்கார்ந்திருப்பதே தெரியாத ஒரு மாணவருக்கு நான் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். அலுப்பில் சில நாள் அவருக்கு முன்னாலேயே அழுதிருக்கிறேன். ஏன் அழுகிறாய் என்று தலையைத் தடவிக் கேட்பார். அதற்கும் நான் விளக்கம் சொல்லவில்லை.

பங்குனியில் ஒரு நாள், அவரை அழைத்துக்கொண்டு உள்ளே நுழையும்போதே அடுப்பில் பால் பொங்கும் வாசனை வந்தது. சிம்மில் வைத்துவிட்டு அணைக்காமல் போயிருக்கிறேன். அவரை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். அடுப்பைத் துடைத்து, மிச்சப் பாலில் காபி கலந்து எடுத்துக்கொண்டு வந்தால், ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. சட்டை ஆணியில் தொங்கியது. அவர் பனியனோடு நாற்காலியில் முதுகைச் சாய்த்து, ஒரு காலை மடக்கி மேலே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

எனக்கு அவ்வளவு சந்தோஷம். யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. இதை முழுசாகப் புரிந்துகொள்ளக்கூடிய ஒரே ஆள் எதிரில் காற்று வாங்கிக்கொண்டிருந்தார். அவரிடம் சொல்ல முடியாது. டம்ளரைக் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு வழக்கம் போல மெதுவாகக் கேட்டார்.

"கெளம்பலாமா?"

போகலாம் என்றேன். எழப் போனவர் தன்னையே குனிந்து பார்த்துக்கொண்டார். முகம் சுருங்கிவிட்டது.

"யார் வூட்லயோ பனியனோட உக்காந்துகினு இருக்கேன். யாரும் ஒண்ணும் சொல்லலியா?"

"யாரும் ஒண்ணும் சொல்லலங்க."

சட்டையைத் தேடுவார் என்று காத்திருந்தேன். தேடவில்லை. மறுபடியும் சாய்ந்துகொண்டார்.

"நல்ல மாதிரியான மனுசங்க இந்த வூட்டுக்காரங்க," என்றார். டம்ளரை என்னிடம் நீட்டினார். "உள்ள போய்க் கேட்டுப் பாரு. இன்னொரு வாய் காபி இருக்கான்னு."

கேட்டுவிட்டு வருகிறேன் என்று உள்ளே போனேன். சமையலறையில் யாரும் இல்லை. அடுப்பைப் பற்றவைத்துப் பாலைச் சுட வைத்தேன்.